கல்லூரி, விசுவாசம், குடியை விடுவது: கொங்குப் பக்கத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, பெருந்துறை, திருச்செங்கோடு பக்கம் கல்லூரிகளில் படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலரோடு வார இறுதிகளில் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். குடியை விட வேண்டும் என்று வருகிறவர்கள், விட்டுவிட்டுத் தடுமாறுகிறவர்கள், வீட்டில் யாரோ குடிப்பதால் படிப்பு ஓடாதவர்கள் என்று பல வகை. நான் டாக்டரும் இல்லை, போதகரும் இல்லை. இதே வழியில் நடந்து வந்தவன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சிஎஸ்ஐ, ஆர்சி, பெந்தெகொஸ்தே என்று சபைக்குச் சபை சொற்கள் மாறும். உங்களுக்குப் பழகிய சொல்லைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மட்டும்தான் குடிக்கிறேன். இதற்குப் போய் ‘அடிமை’ என்று சொல்லலாமா?

எந்தக் கிழமை என்பதை விட எவ்வளவு என்று பாருங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடை போட்டால் சுமார் 60 கிராம். டாக்டர்கள் கணக்கில் ஓர் ‘அளவு’ என்பது 10 கிராம். ஆக, ஒரு குவார்ட்டரை ஒருவரே முடித்தால் ஆறு அளவு உள்ளே போகிறது. ‘கட்டிங்தாண்டா’ என்று இரண்டு பேர் பிரித்துக்கொண்டாலும் ஆளுக்கு மூன்று. ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீர் சுமார் நான்கு. ‘பீர்தானே’ என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

டாக்டர்கள் நான்கு கேள்வி கேட்பார்கள். குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்து மனம் குத்தியிருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் போக, தலைவலி போக ஒரு வாய் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அதுவே தீர்ப்பு என்று இல்லை, பேச ஆரம்பிக்க ஒரு காரணம். மூன்றாவது கேள்வியில் நம் பிள்ளைகள் எல்லாருமே ‘ஆமாம்’தான், ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய் நின்றால் குத்தாமல் இருக்குமா? அதனால் மற்ற மூன்றையும் கொஞ்சம் உண்மையாகப் பாருங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு பிள்ளைகளுக்கு அதிலேயே கேள்வி முடிந்துவிடுகிறது.

குடி பாவமா, நோயா? சபையில் ஒன்று சொல்கிறார்கள், டாக்டர் வேறொன்று சொல்கிறார்.

குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. வெறிகொள்வதை வேதாகமம் கண்டிக்கிறது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதாக இருக்கலாம், அதில் முரண்பாடு எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோய்க்காரர் டாக்டர் சொல்லியும் கேட்காமல் லட்டு தின்றால் அது அவர் செய்த தப்புதான். அதற்காக இன்சுலினை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.

தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி பவுல் எழுதிய வசனத்தைக் குடிக்கிறவர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வேறு எந்த வசனமும் தெரியாத பையன்கூட அதிகாரம், வசன எண்ணோடு சொல்கிறான். வயிற்றுவலிக்காக எழுதியது, விடுதி மொட்டைமாடிக்காக அல்ல.

ஜெபித்தால் போகாதா? டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு ஆகிவிடாதா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தினமும், நிறைய, மாதக்கணக்கில் குடித்தவர் ஒரே நாளில் ‘இனித் தொடமாட்டேன்’ என்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தின சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்வது போல இருக்கும், காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். இந்த நிலையை மருத்துவமனையில் பார்க்காமல் விட்டால் ஆள் போய்விடக்கூடும். இதையே சில இடங்களில் ‘பிசாசு பிடித்திருக்கிறது’ என்று சொல்லி, ராத்திரி முழுக்க ஆளைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 108 ஆம்புலன்ஸ் வரும் வரை ஜெபியுங்கள், வண்டியிலும் ஜெபியுங்கள்.

மருத்துவமனையில் செய்வது பெரிய மாயம் ஒன்றுமில்லை. நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் கட்டம் தாண்டிவிடும். தயமின் என்கிற பி1 வைட்டமினை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். குடியால் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும், வற்றினால் மூளையைப் பாதிக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல டாக்டரைப் பார்க்கலாம். புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் போதும், பெரிய செலவில்லை. சனிக்கிழமை மட்டும் குடிக்கிறவருக்கு இந்த நடுக்கம், வலிப்பு எல்லாம் பெரும்பாலும் வராது. தினக் குடிக்காரருக்குத்தான் இந்த எச்சரிக்கை.

விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, ‘போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அப்புறம்தான் வருகின்றன.

21 நாள் உபவாச ஜெபத்தில் சேரச் சொல்கிறார்கள். மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம். குடியை விட்ட முதல் மாதங்களில் வெறும் வயிறு உங்களுக்கு எதிரி. பசியும் குடி ஆசையும் உள்ளே ஒரே மாதிரி உணரும், பிரித்துச் சொல்வது கஷ்டம். சேரத்தான் வேண்டும் என்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு வேறு எதையாவது ஒறுத்துக்கொள்ளுங்கள். போனை விட்டால் பாதி ஹாஸ்டல் உங்களை மகா பரிசுத்தவானாகப் பார்க்கும்.

அம்மா எனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் ‘குடி மறக்க வைக்கிற மாத்திரை’ கலந்தார்களாம். இது சரியா?

சரியில்லை. அம்மாவின் தவிப்பு புரிகிறது, ஆனாலும் சரியில்லை. பெரும்பாலும் அது டைசல்ஃபிரம் என்கிற மருந்தாக இருக்கும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும்; சிலருக்கு உயிரே போகும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் அது விஷப் பரீட்சை. மருந்தை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். சில இருமல் சிரப், மவுத்வாஷ், ஷேவிங் லோஷன் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருப்பதால் அவற்றிலும் கவனம் வேண்டும். அம்மாவோடு சண்டை போடாமல், ‘வாங்கம்மா, சேர்ந்தே டாக்டர்கிட்டப் போலாம்’ என்று கூட்டிப் போங்கள். ஆசையைக் குறைக்கிற வேறு மருந்துகளும் இருக்கின்றன. எது உங்களுக்கு என்று டாக்டர் சொல்வார்.

முதலில் யாரிடம் சொல்வது?

கொங்குப் பக்கத்தில் நாம் எண்ணிக்கையில் கொஞ்சம். ஒரு சபையில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள். கோவையில் ஓர் ஆலயத்தில் நீங்கள் அழுதால் தாராபுரத்தில் அத்தைக்கு மத்தியானமே தெரிந்துவிடும். ‘எல்லாருக்கும் தெரிஞ்சிடும்’ என்ற பயம் வெறும் மனப்பிராந்தி என்று நான் சொல்லமாட்டேன். அது நிஜம்தான். அதனால் யாரிடம் என்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஆர்சி பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. திருச்சபைச் சட்டம் அதில் விலக்கே வைக்கவில்லை. உங்கள் பங்குச் சாமியாரிடம் கூச்சமாக இருந்தால் வேறு ஊர் ஆலயத்துக்குப் போங்கள். அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை திருவிழாக் கூட்டத்தில் உங்களை யார் அடையாளம் காணப்போகிறார்கள்? ஒன்று மட்டும்: அங்கே பாவமன்னிப்பு கிடைக்கும், சிகிச்சை கிடைக்காது. அதற்கு வேறு வாசல்.

சிஎஸ்ஐ ஆயரோ பெந்தெகொஸ்தே பாஸ்டரோ என்றால், சொல்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: ‘அய்யா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்குங்களா? வீட்டுலயும் சொல்லமாட்டீங்கல்ல?’ நல்ல மனிதர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். ‘ஜெபக்குறிப்பா வைக்கலாமா தம்பி?’ என்று திருப்பிக் கேட்டால் ‘வேண்டாங்கய்யா’ என்று பளிச்சென்று சொல்லுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்வம்பு ஓடுகிற வேகம் தனி. ‘ஒரு தம்பிக்காக ஜெபிச்சுக்குங்க, பேரு சொல்ல விரும்பல, இஞ்சினியரிங் மூணாவது வருஷம், அப்பா பனியன் கம்பெனியில சூப்பர்வைசர்’ என்று சொல்லி முடித்தால் பெயர் எதற்கு?

என்னைக் கேட்டால் வரிசை இது: முதலில் ஒரு டாக்டர், அடுத்து குடிக்காத ஒரே ஒரு நண்பன் அல்லது தோழி, அப்புறம் அம்மாவோ அப்பாவோ. சபை கடைசியில் வரட்டும். யாக்கோபு நிருபத்தில் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. மைக் பிடித்து அறிக்கையிடச் சொல்லவில்லை.

வீட்டில் சொல்வதுதான் மிகக் கடினம், தெரியும். லீவுக்குப் போனால் அம்மா கதவைத் திறக்கும்போதே, ‘ஏங்கண்ணு, முகமெல்லாம் வாடிக் கெடக்குது?’ என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கு ‘மெஸ் சாப்பாடு சரியில்லைம்மா’ என்பது தயாராக நாக்கில் இருக்கும். முதல் தடவை அதைத்தான் சொல்வீர்கள். பரவாயில்லை, லீவு முடிந்து பஸ் ஏறுவதற்கு முந்தின ராத்திரி சொல்லுங்கள். அவர்களுக்கு அழ நேரம் கிடைக்கும், உங்களுக்கும் மறுநாள் பஸ் இருக்கும். அப்பாவிடம் நேராகச் சொல்ல நாக்கு வரவில்லையா? சித்தப்பாவோ தாய்மாமாவோ ஒருவர் அதற்கென்றே எல்லா வீட்டிலும் இருப்பார்.

டாக்டரைப் பார்த்தால் காலேஜுக்குத் தெரிந்துவிடுமா? பிளேஸ்மென்ட் போய்விடுமா?

18 வயது முடிந்துவிட்டதா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் கல்லூரிக்குச் சொல்லக் கூடாது. குடி, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. கம்பெனிக்காரர்கள் கேட்பது உங்கள் அரியரைத்தான், ஆஸ்பத்திரிச் சீட்டை அல்ல.

வருகைப்பதிவுதான் நடைமுறைச் சிக்கல். பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றிதழோடு அபராதம் கட்டிச் சரிசெய்ய வழி இருக்கும். உங்கள் கல்லூரி விதியை ஆபீசில் கேளுங்கள். சான்றிதழில் ‘சிகிச்சையில் இருந்தார்’ என்று பொதுவாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். படுத்துச் சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தால், உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொன்னால் மட்டும், செமஸ்டர் லீவுக்குத் தள்ளிப் பாருங்கள்.

விட்டு மூன்று மாதம் ஆகிறது. வாலிபர் கூடுகையில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள்.

போகாதீர்கள். இப்போது வேண்டாம்.

கூப்பிடுகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மைக்குக்கு என்று ஒரு கதை தேவைப்படுகிறது: பாதாளத்தில் கிடந்தேன், ஒரு ராத்திரியில் தூக்கினார், அன்றிலிருந்து ஆசையே இல்லை. மூன்று மாதத்தில் ஆசை இல்லாமல் இருக்காது. கூட்டம் கைதட்டக் கைதட்ட, இல்லாததைச் சேர்த்துச் சொல்லத் தோன்றும். சொன்ன பிறகு சறுக்கினால் யாரிடமும் போகமுடியாது. ‘போன மாசம் சாட்சி சொன்ன பையன்தானே’ என்ற பேச்சுக்குப் பயந்தே மறைத்துக் குடிப்பீர்கள். குடியை மறைக்கிற இடம் ஹாஸ்டல் அலமாரியிலிருந்து சபைக்கு மாறியதுதான் மிச்சம். இப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க அண்ணா’ என்று சொல்லுங்கள். திரும்பக் கேட்டால் நாற்காலி போடுகிற வேலை, பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுகிற வேலை ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்துச் சொல்லத் தோன்றினால், அப்போது சறுக்கினதையும் மாத்திரை சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவர்களில் யாராவது ஒருவருக்கு அந்தப் பகுதிதான் உதவும்.

ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகலாமா? அது வேறு மதம் மாதிரி இருக்கிறதே?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில், ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஆரம்பித்த, குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் குழு. இரண்டு பேரும் குடியால் கெட்டவர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிறந்தது என்பதால் அறிக்கையிடுதல், ஈடுசெய்தல் எல்லாம் உங்களுக்குப் பழகின மாதிரியே இருக்கும். ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று சொல்வது எல்லா மதத்தாரும் உட்காரட்டும் என்பதற்காக. பக்கத்தில் இருக்கிறவர் முருகா என்பார், இன்னொருவர் அல்லா என்பார், நீங்கள் இயேசப்பா என்று சொல்லிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் மட்டும் இருந்தால் போதும், முழுப்பெயர்கூடச் சொல்ல வேண்டாம். தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பா வயதுக்காரர்களாக இருப்பார்கள். லாரி டிரைவர், விசைத்தறிக்காரர், ரிடயர்டான வாத்தியார். ஆரம்பத்தில் அந்நியமாக இருக்கும். அப்புறம் அதுவே நல்லது என்று தோன்றும்; இந்த வழி எங்கே போய் முடியும் என்பதை ஹாஸ்டல் மாப்ளைகள் யாரும் உங்களுக்குக் காட்டமுடியாது.

டாக்டர் மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்யச் சொல்கிறார். கிறிஸ்தவன் செய்யலாமா?

மூச்சு விடுவதற்கு மதம் இல்லை. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவதில் எந்தத் தெய்வத்தின் பெயரும் வருவதில்லை. மந்திரம் சொல்லச் சொன்னால் மனசாட்சி இடிக்கிறதா, அதற்குப் பதிலாகச் சங்கீதத்தில் ஒரு வரி. இதில் நம் கொங்குப் பக்கத்துச் சபைக்கு நல்ல முன்னோடி உண்டு. 1950-இல் உருவான சிஎஸ்ஐ கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, தமிழ்ப் பக்திக் கவிகளை ஆழ்ந்து படித்து, பக்தி மார்க்கத்தின் வழியாகக் கிறிஸ்துவைப் பேசியவர். அவர் பயப்படாத இடத்தில் நாம் ஏன் பயப்பட வேண்டும்?

நண்பனின் ஊர் நோம்பிக்குக் கூப்பிடுகிறார்கள். கெடா விருந்து, கூடவே பாட்டில். போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு கேள்வி சேர்ந்திருக்கிறது. மாரியாத்தாவுக்கு வெட்டின கறியைச் சாப்பிடலாமா என்பது ஒன்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதினதில் இதற்கு நீளமாகப் பதில் இருக்கிறது, உங்கள் சபையிலும் ஒரு நிலைப்பாடு இருக்கும். அதை இங்கே கிளறவில்லை.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. கொங்கு வீட்டு உபசாரத்தை மறுப்பது லேசில்லை. ‘வாங்க தம்பி, உக்காருங்க, ஏனுங் ஒண்ணுமே எடுக்காம இருக்கறீங்க’ என்று நண்பனின் அப்பாவே கையைப் பிடிப்பார். சாப்பாட்டுப் பந்தியில் யாரும் பாட்டில் வைப்பதில்லை. தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம், நாலு பங்காளிகளும் இரண்டு கட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும் இருக்கிற இடத்தில்தான் அது நடக்கும். உங்களை அங்கே கூட்டிப்போக ஒரு மாப்ள வருவான். விட்ட முதல் வருஷத்தில் அந்த நடையை நடக்காதீர்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் மத்தியானப் பந்திக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டு, நண்பனின் ஆத்தாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிடுங்கள். ‘மாத்திரை சாப்பிடறனுங்க, டாக்டர் கூடாதுன்னுட்டாரு’ என்பது யாரும் மறுக்காத பதில். ‘நான் கிறிஸ்டியன், குடிக்கமாட்டேன்’ என்று சொன்னால் மட்டும் சிரிப்பார்கள். போன வருஷம் குடித்த கிறிஸ்டியன்களை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

திருவிருந்தில் திராட்சரசம் எடுக்கலாமா?

பல சபைகளில் இப்போது புளிக்காத திராட்சைச் சாறுதான். உங்கள் சபையில் எது என்று ஆலயப் பணியாளரிடம் கேளுங்கள். வைன் என்றால் அப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கத்தோலிக்கப் பூசையில் பெரும்பாலும் நற்கருணை அப்பம் மட்டும்தானே கொடுக்கிறார்கள், அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது அவர்கள் போதனை. ஒரு வாய் வைனில் என்ன ஆகிவிடும் என்று வாதாடுகிறவர்கள் உங்களுக்குள் இருக்கிற ஆளைப் பார்த்ததில்லை.

லெந்து நாட்களில் தொடாமல் இருக்கிறேன். அப்படியென்றால் எனக்குக் கட்டுப்பாடு இருக்கிறதுதானே?

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளைக் கழித்து, 40 நாள். பக்கத்து ரூமில் ஐயப்பனுக்கு மாலை போட்டவன் ஒரு மண்டலம் இருக்கிறான். இரண்டு பேரும் மாலை கழற்றின அன்றும் ஈஸ்டர் பிரியாணி அன்றும் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விடை. ஆனால் ஒன்று உபயோகமாக இருக்கும்: அந்த 40 நாளில் எந்த நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று எழுதி வைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றபடி ஒரு சாதாரண நாளை எப்படி ஓட்டுவது?

ஆபத்தான நேரம் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து. டாஸ்மாக் மத்தியானம் 12-க்குத் திறந்து ராத்திரி 10-க்கு மூடுகிறது, உங்கள் லேப் ஐந்து மணிக்கு முடிகிறது. அந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும். விளையாட்டு, டியூஷன் எடுப்பது, ஜிம், பாடகர் குழுப் பயிற்சி, எதுவானாலும் வேறு ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிற காரியமாக இருக்கட்டும். தனியாகப் படிக்கப்போகிறேன் என்ற திட்டம் முதல் வாரம் தாண்டாது.

பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஒன்று இருந்தாலே ஆசை எட்டிப்பார்க்கும். அதனால் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். ஆசை வந்தால் அது அலையாக ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு யாருக்காவது போன் போடுங்கள், பல்லை விளக்குங்கள், குளியுங்கள். ஜெபம் நீளமாக வராது. ‘ஆண்டவரே, பத்து மணி வரைக்கும்’ என்பதே போதும்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: கோபி பஸ், சத்தி பஸ் எதுவானாலும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கிற மாதிரி வராதீர்கள். நிற்க நேர்ந்தால் டீக்கடையில் நில்லுங்கள், கூட்டமான டீக்கடையில்.

டிசம்பர் 31 ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மதத்தில் பிறந்ததற்கு அன்றைக்கு ஒரு லாபம் உண்டு: ஊர் முழுக்கக் குடிக்கிற நேரத்தில் நமக்கு ஆலயத்தில் ஆராதனை. வாக்குத்தத்த அட்டை வாங்கின பிறகு, ‘வாடா ஒரு ரவுண்ட் போய்ட்டு வரலாம்’ என்று வாசலில் பைக்கோடு நிற்கிறவனைத்தான் கவனிக்க வேண்டும். யார் வீட்டிலாவது தூங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மறுபடி குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. இந்த நோயில் சறுக்கல் சகஜம். குடித்த ராத்திரியை விட மறுநாள் காலைதான் மோசம். ‘இனி என்ன, கெட்டது கெட்டதுதான்’ என்று அன்றைக்கே தொடர்வதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டாக்டருக்கும் அந்த நண்பனுக்கும் அன்றே சொல்லுங்கள். டைசல்ஃபிரம் எடுப்பவரானால், குடித்த உடனேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எப்போதும், தமிழில், இலவசம். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. ஜெபிக்கிற அக்காவுக்கும் போன் போடுங்கள், ஆனால் இந்த எண்ணுக்கு முதலில்.

நான் குடிப்பதில்லை. அப்பா குடிக்கிறார். நான் திருப்பூரிலிருந்து தினம் வந்து போகிற பெண். எனக்கு இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்க வேண்டும், குறைவாகத்தான் எழுதியிருக்கிறேன். அப்பா குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை. உங்கள் ஜெபம் போதாததால் அவர் குடிக்கவில்லை. சபையில் அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பரீட்சை ராத்திரியில் வீட்டில் சத்தம் என்றால் தங்கிப் படிக்க ஒரு வீட்டை முன்பே பேசிவையுங்கள், சித்தி வீடோ தோழி வீடோ. அடி விழுந்தால் பெண்களுக்கான உதவி எண் 181. ‘குடும்ப மானம்’ என்று அடக்கிக்கொள்ளாதீர்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாகக் கூட்டம் உண்டு, ஏ.ஏ.-காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பத்துக் கட்டளைகளை யாராவது எண்ண ஆரம்பித்தால், தகப்பனைக் கனம்பண்ணுவதும் அவருக்காக டாஸ்மாக் வாசலில் நிற்பதும் ஒன்றில்லை என்று சொல்லுங்கள்.

கிறிஸ்மஸ் கேக்கில் ரம் ஊற்றுவார்களே. கேரல் ரவுண்ட்ஸில் வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள்.

வேகவைத்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது சரியில்லை, கொஞ்சம் தங்கும். வெந்த பிறகு மேலே ஊற்றினால் அப்படியே இருக்கும். டைசல்ஃபிரம் எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் முதல் வருஷம் தவிர்த்துவிடலாம். அளவை விட அந்த வாசனைதான் வம்பு. ‘ஆன்ட்டி, இதுல ரம் இருக்குங்களா?’ என்று கேட்டுவிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இருக்கிறது என்றால் பக்கத்துத் தட்டில் முறுக்கு இருக்கும்.